பீர் குடிக்க வந்தவர்கள் முன்னால் ஸ்டாண்ட்-அப்

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து காமெடி பண்ணலாம் என்பதுதான் ஓப்பன் மைக். சிகாகோ, நியூயார்க் ஓப்பன் மைக் அனுபவங்கள் நிறைய படித்தாயிற்று. இது சின்ன ஊர்க் கதை. நான் இருப்பது இல்லினாய் மாநிலத்து புளூமிங்டனில். சிகாகோவிலிருந்து ஐ-55 பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும்தான். இன்ஷூரன்ஸ் வேலை புண்ணியத்தில் நம்மாட்களும் இங்கே கணிசம்.

காமெடி கிளப்புக்கு வருகிறவன் சிரிக்கவென்றே டிக்கெட் வாங்கியிருப்பான். பாருக்கு வருகிறவன் குடிக்க வந்தவன். நடுவில் எவனோ மைக்கைப் பிடித்தால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். டிவியில் பேஸ்பால் ஓடும், பூல் டேபிளில் பந்து மோதும், நாம் பஞ்ச் சொல்லும் நேரம் பார்த்து பார்டெண்டர் பிளெண்டரைப் போடுவார். முன்வரிசையில் இருப்பதெல்லாம் அடுத்து ஏறப்போகிற காமெடியன்கள். குனிந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், சத்தியமாகச் சிரிக்க மாட்டார்கள்.

ஆறரைக்குப் போய் ஷீட்டில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடியப்போகிறது என்று நாலாவது நிமிடத்தில் பின்னாலிருந்து செல்போன் லைட் அடிப்பார்கள். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. டார்ட் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை.

நான் எழுதிவைத்திருந்தது அரேஞ்சுடு மேரேஜ், மாமியார் வகையறா. ஆரம்பித்து முடிப்பதற்குள் கவுன்ட்டரிலிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், "கப்ஸா, கார்டினல்ஸா?" என்று கத்தினார். இரண்டும் பேஸ்பால் டீம்கள். இந்த ஊரில் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. வடக்கே கப்ஸின் சிகாகோ, தெற்கே கார்டினல்ஸின் செயின்ட் லூயிஸ், நடுவில் நாங்கள். ஒரே வீட்டில் அப்பன் ஒரு கட்சி, பிள்ளை ஒரு கட்சி. எதைச் சொன்னாலும் பாதி பார் பகை. நான் இருப்பதோ கம்பெனி ஸ்பான்சர் செய்கிற எச்-1பி வேலை விசாவில். "சார், நான் எச்-1பி. எந்த டீம் ஸ்பான்சர் பண்ணுதோ அந்த டீம்" என்றேன். பூல் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட குச்சியை ஊன்றிக்கொண்டு திரும்பினார்கள். அத்தோடு மாமியாரைக் கைகழுவிவிட்டு மிச்ச நேரத்தைக் கடலையில் ஓட்டினேன். பீர் நட்ஸ் என்று ஒரு வேர்க்கடலை அமெரிக்கா முழுக்க விற்கிறதே, அது இந்த ஊர்ச் சரக்கு. "கடலையும் குடியுமா இருக்கிற ஊரை விட்டுத் தப்பிச்சு வந்தேன், விசா கொடுத்து இங்கே இறக்கிட்டாங்க" என்றதும் அந்தப் பெரியவர் கவுன்ட்டரைத் தட்டினார்.

அக்சென்ட் ஜோக்கைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சிரிப்பு வரும், கேரன்டி. எனக்குப் பிடிக்காது. நம் வாயைத் திறந்தாலே கிடைக்கிற சிரிப்புக்கு எழுத்து எதற்கு?

முக்கால் மணி நேரத் தூரத்தில் பியோரியா. ஸ்டாண்ட்-அப் ஜாம்பவான் ரிச்சர்ட் பிரையர் 1940-இல் பிறந்த ஊர். அவரும் அந்த ஊர் கிளப்புகளில் ஏறிவிட்டுத்தான் நியூயார்க் போனார். இங்கே தொடங்கும் ஒவ்வொரு பையனும் இதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவான். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, பெண்டாட்டி செலவு செய்கிறாள் என்று அரதப்பழசு ஜோக்கை எடுத்துவிடுவான். அதுதான் கொடுமை.

ஷோ முடிந்ததும் ஹோஸ்ட் வந்து, "அடுத்த மாசம் பத்து நிமிஷம் தர்றேன், முப்பது டாலர்" என்றார். ஸ்பான்சர் செய்த கம்பெனியைத் தவிர வேறு யாரிடமும் காசு வாங்கி வேலை செய்யக்கூடாது, விசா போய்விடும் என்று விளக்கினேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை அப்படியே மேடையில சொல்லு!"

அடுத்த தடவை ஏறியபோது சொன்னேன். பார் அமைதி. டார்ட் போர்டு ஓரமாக நின்ற ஒரு தெலுங்குக்காரர் மட்டும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அவரும் எச்-1பி.