கண்ணகி சிலம்பில் முத்தா, மாணிக்கமா? வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு எந்த கைடு?

மதுரைக்காரி:
ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது பற்றி நேற்று இங்கே அடையாறு அப்பா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஏழாவது எட்டாவது படிக்கிற வயசுக்கு இலக்கியத்துக்கு ஒரு நல்ல கைடு போதும், மூலமெல்லாம் காலேஜ் போய்ப் படிச்சுக்கலாம்" என்று எழுதியிருந்தார். அதுக்கு இருபது பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயசு. ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்தி வீட்டிலேயே படிக்கிறாள். ஜூன் மாதத்திலிருந்து சிலப்பதிகாரம். நானும் ஒரு கைடு வாங்கினேன், பெயர் வேண்டாம். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதைக்கு அதில் போட்டிருந்தது: "கண்ணகி தன் சிலம்பில் இருப்பது முத்து என்றாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றான்." பிள்ளை அதை அப்படியே நோட்டில் எழுதி, கீழே சிவப்புப் பேனாவால் கோடும் போட்டுவிட்டாள். மறுநாள் மூலத்தை எடுத்து நானும் அவளும் வாசித்தோம். "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, முத்துன்னு சொன்னது ராஜால்ல?" அடுத்த வரிக்கு அடுத்த வரியில் ராஜாவே சொல்கிறான்: "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே." நோட்டில் எழுதினதை ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துபோச்சு. இதுதான் நீங்கள் சொல்லும் நல்ல கைடா?

அடையாறு அப்பா:
மேடம், ரெண்டு சொல் இடம் மாறிப்போன அச்சுப்பிழை அது. அதுக்காக கைடே வேண்டாம்னா எப்படி? என் பையனுக்குப் பதிமூணு. அடுத்த வருஷம் பதினாலு முடிஞ்சா என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதலாம். கேள்வி எப்படி வரும், பதிலை எவ்வளவு எழுதணும்னு அவனுக்குப் பழகணும். "புள்ளுறு புன்கண் தீர்த்தோன்"னு வெறும் மூலத்தைக் கையில கொடுத்தா எந்தப் பிள்ளைக்குப் புறாவுக்குத் தொடைச் சதையை அறுத்துக் கொடுத்த சிபி ஞாபகத்துக்கு வரும்? யாராவது சொல்லணும். அந்த யாராவதுதான் கைடு. முத்தோ மாணிக்கமோ, கதை மாறிடுமா என்ன?

நெல்லை வாத்தியார்:
கதை மாறிவிடும் ஐயா. முப்பத்தோரு ஆண்டுகள் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முழுக் கதையும் மாறிவிடும்.

கண்ணகி பாண்டியனை எப்படி அழைக்கிறாள்? "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே." மதுரையில் அவன் முன்னால் நின்றுகொண்டு ஏன் கொற்கை என்கிறாள்? கொற்கை எங்கள் தாமிரபரணி கடலில் கலந்த இடத்துத் துறைமுகம். பாண்டியனுக்கு முத்துக் குளித்துக் கொடுத்த ஊர். இன்று கடல் விலகி உள்ளே கிடக்கிறது. முத்து விளையும் துறைக்கு உடையவன் வீட்டுச் சிலம்பில் முத்துதான் இருக்கும். அவள் அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டு, என் சிலம்பில் மணி என்கிறாள். இதை மாற்றிப் போட்ட கைடை அடுப்பில் போடுங்கள்.

இன்னொன்று. கொலைக்களக் காதையில் கோவலன் பொற்கொல்லனிடம் காட்டும் சிலம்பு "மத்தக மணியொடு வயிரம் கட்டிய" சிலம்பு. வெளிவேலைப்பாட்டை வைத்து அரசியின் சிலம்பு இதுதான் என்று சாதிக்கப் பொற்கொல்லனால் முடிந்தது. பேதம் உள்ளே கிடந்து ஒலிக்கும் கற்களான பரலில் மட்டும்தான். அதனால்தான் உடைக்க வேண்டியிருந்தது. சிலம்புக்குப் பழைய உரை எழுதிய அடியார்க்குநல்லார் இந்த இடத்தில் பரலைப் பற்றி எவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார் தெரியுமா? அவர் உரையை வாங்கிக் கொடுங்கள். பிள்ளையைப் பள்ளியை விட்டு எடுத்துவிட்டு கைடு சரியில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

காவிரிக்கரை:
ஒரு நிமிஷம். கைடுன்னு எதைச் சொல்றீங்க எல்லாரும்? வினா-விடை நோட்ஸா, பதவுரை பொழிப்புரை போட்ட உரைநூலா, பயிற்சித் தாளா? மூணும் வேற வேற. எது சரின்னு அப்புறம் பேசலாமே.

அடையாறு அப்பா:
வாத்தியார் ஐயா, மூலத்துல "மாணிக்கம்"ங்கிற சொல் எங்க இருக்கு? "மணி"னு மட்டும்தானே இருக்கு? நவமணியில முத்தும் ஒரு மணிதான். அப்போ கண்ணகி சிலம்புல முத்துன்னு எழுதினவன் அவ்வளவு பெரிய பாவி இல்ல.

மதுரைக்காரி:
சார், முத்தும் மணின்னே வச்சுக்குவோம். அப்போ ராஜா சிலம்பிலயும் முத்து, அவள் சிலம்பிலயும் முத்து. வழக்கு எதுக்கு? "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே"ன்னு வருதே, தெறிச்சது முத்தா இருந்தா பாண்டியன் ஏன் சாகணும்? "யானோ அரசன் யானே கள்வன்"னு ஏன் சொல்லணும்? அதோட, அந்த கைடு ராஜா சிலம்பில மாணிக்கம்னு போட்டிருக்கே, அதுக்கு எந்த நவமணி கணக்கு?

வாத்தியார் ஐயாவுக்கும் ஒன்று. அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ் வரியோடு நின்றுபோகிறது. அது பத்தொன்பதாம் காதை. வழக்குரை காதை இருபதாவது. இந்த இடத்துக்கு அவர் உரை கிடைக்கவே இல்லை. கிடைக்காத உரையை எந்தக் கடையில் போய் வாங்குவது? பள்ளியை விட்டு எடுத்த பிள்ளையும் நானும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

நெல்லை வாத்தியார்:
நான் சொல்ல வந்தது அரும்பதவுரை, அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய உரை. வேங்கடசாமி நாட்டார் உரையும் இருக்கிறது, அதில் முழு நூலுக்கும் உரை உண்டு. ஒரு பெயர் மாறிப்போனால் அது பெரிய குற்றமா? உ.வே.சா. 1892இல் ஏடு ஏடாகத் தேடிப் பதிப்பித்த நூல் இது. முப்பது காதையையும் மனப்பாடமாகச் சொன்னவர்களிடம் படித்தவன் நான். எனக்கு யாரும் காதை எண்ணிச் சொல்லித் தர வேண்டாம்.

மதுரைக்காரி:
ஒரு பெயர் மாறினால் குற்றமில்லை என்கிறீர்கள். கைடில் ஒரு பெயர் மாறினால் மட்டும் அடுப்பில் போடச் சொன்னீர்களே ஐயா.

நெல்லை வாத்தியார்:
அது பிள்ளை கையில் போகும் புத்தகம் அம்மா. இது பெரியவர்கள் பேச்சு. ரெண்டும் ஒன்றாகாது. போன வருடம் கம்பராமாயணம் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நான் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டீர்கள். மறக்கவில்லை நான்.

காவிரிக்கரை:
நான் செய்யறதைச் சொல்றேன். தினமும் காலையில் அரை மணி நேரம் மூலத்தைச் சத்தமா வாசிப்போம். புரியாத சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு. பன்னிரண்டு வரி ஆனதும் நிறுத்தி உரையைப் பார்ப்போம். வினா-விடையைப் பையனே எழுதணும். மூணு கேள்வி அவன் எனக்கு, மூணு கேள்வி நான் அவனுக்கு. கைடு அலமாரியில் இருக்கு, கடைசியாத்தான் எடுப்போம். போன வாரம் அவன் கேட்டது: "அரின்னா சிங்கம்தானே, சிலம்புக்குள்ள எப்படிப் போச்சு?" பரலுக்கும் அரின்னு பேர் உண்டுன்னு உரையில தேடிக் கண்டுபிடிச்சான். எழுதின பதிலை மட்டும் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அடையாறு அப்பா:
நல்லது. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல காலையில அரை மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க யார் இருக்கா? ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து பையன் நோட்டைப் பார்க்கிறவன் நான். எனக்கு கைடு வேணும். வீட்டுல இருந்து பிள்ளை படிக்க வைக்கிறவங்க எல்லாம் வசதியானவங்கன்னு நினைச்சு எழுதாதீங்க. சரி, என் கேள்விக்கு வருவோம். மாணிக்கம்ங்கிற சொல் எந்த வரியில இருக்கு?

மதுரைக்காரி:
வசதி பற்றி யாரும் பேசவில்லை. நானும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பாடம் கேட்கிறேன். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே என் மகள் வாசிப்பதைக் கேட்பேன். கைடு வேண்டும் என்பவர் அதை ஒருதடவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். பத்து வரி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும் எழுதினவர் மூலத்தைத் திறந்தாரா இல்லையா என்று.

நெல்லை வாத்தியார்:
அதைத்தான் நானும் சொன்னேன். என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சிலம்பில் பாக்கு, ஒரு சிலம்பில் புளியங்கொட்டை போட்டு ஆட்டிக் காட்டுவேன். ஓசையே வேறாக இருக்கும். "உடைக்காமலே தெரியுதே சார்" என்பான்கள். அப்படியானால் பாண்டியன் ஏன் ஆட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பேன். அந்த ஒரு கேள்விக்கு ஒரு பீரியட் போய்விடும். எந்த கைடில் இருக்கிறது இது? இதெல்லாம் வகுப்பறையில்தான் நடக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு…

மதுரைக்காரி:
ஐயா, மறுபடியும் பள்ளிக்கூடமா? கேட்டது கைடு பற்றி.

காவிரிக்கரை:
புளியங்கொட்டை நல்லா இருக்கு, நாளைக்கே செய்யறோம். ஆனா நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. கைடுன்னா எது?

நெல்லை வாத்தியார்:
அரும்பதவுரையில் இந்த இடத்துக்கு என்ன இருக்கிறது என்று இன்று இரவு எடுத்து எழுதுகிறேன். கொற்கை பற்றி நான் சொன்னது பாதிதான். மீதியும் எழுதுவேன். அதுவரை யாரும் இதை முடித்துவிட வேண்டாம்.

அடையாறு அப்பா:
எழுதுங்க ஐயா. எழுதும்போது மாணிக்கம்ங்கிற சொல் எத்தனாவது வரியில இருக்குன்னும் சேர்த்து எழுதுங்க. மூலத்துல. உரையில இல்ல.