புதுப்பிப்பு: எங்கள் கிணற்றுக்கு நைட்ரேட் முடிவு வந்துவிட்டது

காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக் கிணற்றிலிருந்து 60 அடியில், பக்கத்து மனையில் கழிவுநீர்க் குழி வெட்டியதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். மண்ணின் சராசரி ஊடுருவலை வைத்து, கழிவு வந்துசேர 5 ஆண்டாகும் என்று ஒரு நண்பர் கணக்கிட்டார். குழிக்கு வயது இரண்டுதான். ஆனால் கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட், எங்கள் கிணற்றில் லிட்டருக்கு 68 மில்லிகிராம் இருக்கிறது, குடிநீருக்கு வரம்பு 45.

நண்பரின் கணக்கில் பிழை இல்லை. மண்ணுக்குள் நீர் ஓடும் வேகத்துக்கு 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி தந்த அதே விதிதான். சிக்கல் 'சராசரி' என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் நிலம் செம்புராங்கல்: ஓரிடத்தில் இறுகிய களி, ஒரு முழம் தள்ளினால் விரல் நுழையும் துளைகள். தண்ணீர் சராசரி வழியாகப் போவதில்லை, துளை கிடைத்த வழியாகப் போகிறது. நைட்ரேட் களியிலும் ஒட்டாது, நீரோடு சேர்ந்தே ஓடும்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1986இல் தொடங்கிய சோதனையில் நீர் போகும் வழியை அறிய, நைட்ரேட் போலவே நீரோடு ஓடும் புரோமைடு என்ற உப்பின் கரைசலை நிலத்தடியில் செலுத்தினார்கள். பெரும்பகுதி விட்ட இடத்தருகிலேயே தங்கிவிட்டது, முன்னோடிய கொஞ்சமோ 200 மீட்டரைத் தாண்டியது. சராசரியை நம்பும் வழக்கமான சமன்பாட்டால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. அதனால் இனி யாராவது ஒற்றை எண்ணாக ஆண்டுக்கணக்குச் சொன்னால், 'எதிலிருந்து எதுவரை?' என்று கேட்பேன்.

அப்பத்தா காய்ச்சிக் குடிக்கலாம் என்றார். வேண்டாம், காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டி இன்னும் செறிவாகும். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் குடிக்க வெளித்தண்ணீர்தான். அடுத்த பரிசோதனை மழை முடிந்ததும்.