எல்லை வேலிப் பணியில் நாளும் பணமும் எங்கே மிச்சமாயின: களத்தில் இருந்தவர்களின் அனுபவப் பகிர்வு

தளப் பொறியாளர்

எல்லைச் சுவரையும் வேலியையும் விரைவாகவும் குறைந்த செலவிலும் எழுப்புவது பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலானோர் சுவரின் உயரத்தையும் கம்பியின் தடிமனையும்தான் விசாரிக்கிறார்கள். இந்தப் பணியில் பதினோரு ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, பொருள் வந்து இறங்கும் இடத்திலிருந்து எல்லைக் கோடு வரை எப்படிப்பட்ட பாதை இருக்கிறது என்பதைத்தான். எல்லைக் கோடு பெரும்பாலும் சாலை முடிந்த இடத்துக்கு அப்பால்தான் ஓடுகிறது. தண்ணீர், மின்சாரம், ஜல்லி, ஆள் என எதுவும் பக்கத்தில் கிடைக்காத அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலையில் எவ்வளவைப் பட்டறைக்கு மாற்ற முடிகிறதோ, அவ்வளவு நாளும் அவ்வளவு பணமும் மிஞ்சும்.

நான் முதலில் பொறுப்பேற்ற பகுதியில் சுவரை அங்கேயே வார்ப்பதாகத் திட்டம். கம்பி கட்டி, ஷட்டரிங் அடைத்து, காங்கிரீட் ஊற்றி, பலகை பிரித்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டுப் பதப்படுத்த வேண்டிய வேலை அது. கலவை வண்டி புறப்பட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் சரக்கைக் கொட்டிவிட வேண்டும் என்பது பொது விதி. எங்கள் பாதையிலோ அந்த நேரத்தில் பாதித் தூரம்தான் கடக்க முடிந்தது. வழியில் இறுகத் தொடங்கிய கலவையில் ஓட்டுநர் தண்ணீர் ஊற்றித் தளர்த்திக் கொண்டுவந்ததைக் கண்டுபிடித்த அன்று, இரண்டு வண்டிச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பினேன். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை; அந்தப் பாதையில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

அதன் பிறகு ப்ரீகாஸ்ட் முறைக்கு மாறினோம். பாதம் நீண்ட ‘எல்’ வடிவப் பலகைகளை வார்ப்பு முற்றத்தில் தயாரித்து, சமன்படுத்திய படுகையின் மேல் கிரேனால் வரிசையாக இறக்கி வைப்பதுதான் முறை. சுவரை அதன் பாதமே தாங்கிக்கொள்வதால் ஆழமான கடைக்கால் தேவையில்லை. பெர்லினில் 1975 முதல் நிறுத்தப்பட்ட நான்காம் தலைமுறைச் சுவரும் இதே வடிவம்தான். மண் சரியாமல் தடுக்கும் சுவருக்கென உருவான வார்ப்பையே அங்கே எடுத்தாண்டார்கள். ஒவ்வொரு பலகையும் 3.6 மீட்டர் உயரமும் 1.2 மீட்டர் அகலமும் இரண்டரை டன்னுக்கு மேல் எடையும் கொண்டது. கிரேனால் வைத்ததைக் கிரேனாலேயே எளிதாகத் தூக்கிவிடலாம் என்பதையும் 1989-க்குப் பிறகு உலகம் பார்த்தது.

ஆனால் இந்த முறையின் செலவு எடையில்தான் ஒளிந்திருக்கிறது. 1.2 மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 833 பலகைகள். மொத்தம் 2,000 டன்னுக்கு மேல் வருகிறது. 25 டன் ஏற்றும் லாரிகள் எண்பதுக்கு மேற்பட்ட நடை அடிக்க வேண்டும். இதற்கு மாறாக, 358 என்று நாங்கள் சொல்லும் நெருக்கக் கண் வலையை எடுத்துக்கொள்ளுங்கள். 76.2 மில்லிமீட்டர் நீளமும் 12.7 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கண். 4 மில்லிமீட்டர் கம்பி. காலைப் பதிக்கவும் இடமில்லை, வெட்டுக் கருவியின் வாயை நுழைக்கவும் எளிதில் இடமில்லை. ஒரு சதுர மீட்டர் சுமார் 9 கிலோ. மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 27 டன். தூண்களுக்கும் ஏறத்தாழ அதே எடையைச் சேர்த்தாலும் மூன்று லாரிகளில் அடங்கிவிடும். வாகனத்தை முட்டி நிறுத்த வேண்டிய இடத்துக்கோ பார்வையை மறைக்க வேண்டிய இடத்துக்கோ வலை போதாது; அங்கே காங்கிரீட்டுக்கு வேலை உண்டு. மற்ற இடங்களில் கனமான சுவரைக் கேட்பவர்கள் பாதுகாப்பைக் கேட்கிறார்களா, பார்வைக்கு மிடுக்கைக் கேட்கிறார்களா என்ற ஐயம் எனக்கு எப்போதும் எழும்.

தூண் அடிக்கும் பிரிவின் மேற்பார்வையாளர்

நண்பர் எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தூண் தரைக்குள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இரண்டரை மீட்டருக்கு ஒரு தூண் என்றால் கிலோமீட்டருக்கு 400 குழிகள். 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான காங்கிரீட் பிடிக்கும். மொத்தமாக ஏறத்தாழ 97 கன மீட்டர். 6 கன மீட்டர் கலவை வண்டிகள் பதினாறுக்கு மேல். லாரி நடையைக் குறைத்துவிட்டோம் என்று வலைக்கு மாறியவர்கள், அந்தக் கலவை வண்டியை மறுபடியும் அதே பாதையில் வரவழைக்கிறார்கள்.

சூரிய மின் பண்ணைகளிலும் நெடுஞ்சாலை ஓரத் தடுப்புகளிலும் செய்வதுபோல, ஹைட்ராலிக் சுத்தியல் பொருத்திய இயந்திரத்தால் தூணை நேராக மண்ணில் அடித்து இறக்குவது இதற்கு மாற்று. குழியும் காங்கிரீட்டும் காத்திருப்பும் இல்லை. அடித்த அன்றே வலையை மாட்டலாம். கெட்டியான மண்ணில் ஒரு தூண் இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்கிவிடும். அடிக்கும் நேரத்தைவிட, தூக்குக் குண்டு பிடித்து நேர் பார்ப்பதற்கும் இயந்திரத்தை அடுத்த புள்ளிக்கு நகர்த்துவதற்கும்தான் அதிக நேரம் போகும்.

ஒரு முறை ஆழம் தெரியாமல் காலை விட்டோம். மண் பரிசோதனைக்கு அரை கிலோமீட்டருக்கு ஒரு குழிதான் போட்டிருந்தார்கள். இரண்டு குழிகளிலும் நல்ல செம்மண் கிடைத்ததால் இடையிலும் அதுவே இருக்கும் என்று எண்ணித் தூண்களை வரவழைத்தோம். முப்பதாவது தூண் நாற்பது சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. இயந்திரம் ஓட்டியவர் விடாமல் அடித்தார். தூணின் தலை காளான்போல் விரிந்தது. துத்தநாகப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து என் காலணியின் மேல் விழுந்தது. கீழே பாறை. அன்று பன்னிரண்டு தூண்கள் பாழாயின. அதற்குப் பிறகு எந்தப் பகுதியிலும் ஐம்பது மீட்டருக்கு ஒரு சோதனைத் தூணை அடித்துப் பார்க்காமல் பொருளுக்கு ஆணை கொடுப்பதில்லை. சோதனைத் தூணின் தலையில் சங்கிலிக் கப்பியைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்து, எத்தனை மில்லிமீட்டர் சாய்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். பாறை வரும் இடங்களில் முன்கூட்டியே துளையிட்டுத் தூணை நட்டு, அந்தத் துளைக்குள் மட்டும் கலவை ஊற்றுகிறோம்.

மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணில் அடித்த தூண் ஆண்டுக்கு ஆண்டு மேலே எழும்பும். அங்கே திருகுத் தூண் நல்லது. தண்டின் அடியில் திருகு இலை வைத்த குழாய் அது. திருகும்போது தேவைப்படும் முறுக்கு விசையை அளந்தாலே மண்ணின் பிடிமானம் ஓரளவு தெரிந்துவிடும் என்பதால், தனிச் சோதனையும் குறைகிறது. விலை கூடுதல்தான், அடித்த தூணை மறுபடி தோண்டி நட்டவனுக்கு அது கூடுதலாகத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. போலந்து, பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டருக்கு 5.5 மீட்டர் உயர எஃகு வேலியை 2022 ஜனவரியில் தொடங்கி ஜூன் இறுதியில் முடித்தார்கள். அங்கே தனி மந்திரம் எதுவும் இல்லை. நீளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் பல முனைகளில் வேலையை ஓட்டினார்கள். ஒரு முனையில் எவ்வளவு விரைவாக அடித்தாலும் ஒற்றை முனை ஒற்றை முனைதான்.

பட்டறைக்காரர்

நான் களத்துக்கு அதிகம் போனதில்லை. வேலிக்கான பேனல் செய்து அனுப்புபவன். எனவே சுருக்கமாக எழுதுகிறேன். சூட்டு முலாம் பூசும்போது எஃகு சுமார் 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் மூழ்குகிறது. மூடிய குழாய்களில் காற்றுத் துளை விட மறந்தால், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். அவசர ஆணை வரும்போது முதலில் விடுபடுவது இந்தத் துளைகள்தான். அதனால் எங்கள் பட்டறையில் துளை எண்ணிக்கையைச் சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு பேனலிலும் எழுதிய பிறகே வண்டியில் ஏற்றுவோம். தொட்டியின் நீளத்துக்குள் பேனல் அடங்க வேண்டும் என்பதையும் வரைபடம் போடுபவர்கள் நினைவில் கொண்டால் எங்களுக்குப் பாதித் தலைவலி குறையும்.

களத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. தீ பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அதன் மேல் தூரிகையால் பூசும் துத்தநாகச் சாயம் சூட்டு முலாமுக்கு ஈடாகாது. தலை முறிந்து போகும் நட்டுகளைப் பயன்படுத்துங்கள். குறித்த அளவு முறுக்கியதும் அறுகோணத் தலை உடைந்து விழுந்து, கூம்பு மட்டும் மிஞ்சும். சாதாரண ஸ்பேனரால் கழற்ற முடியாது. நட்டு மாட்டும் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாகப் போடுங்கள்; வெயிலில் எஃகு நீள்வதற்கு இடம் இருக்கும். ஒரு பகுதியில் நூறு மீட்டரை இடைவெளியின்றி விடியற்காலைக் குளிரில் பற்றவைத்து முடித்தார்கள். பகலில் வேலி பாம்புபோல் நெளிந்து நின்ற படத்தை எனக்கே அனுப்பி, பேனல் கோணல் என்று புகார் எழுதினார்கள். நூறு மீட்டர் எஃகு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் 48 மில்லிமீட்டர் நீளும். அதற்குப் பேனல் என்ன செய்யும்?

நில அளவையாளர்

எல்லோரும் மண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வேலியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தண்ணீர். நான் பணியாற்றிய ஒரு வறண்ட பகுதியில் கோடைக்காலத்தில் அளவெடுத்து வரைபடம் கொடுத்தோம். ஓடைகள் வெறும் மணல் தடமாகக் கிடந்ததால், நான்கைத் தவிர மற்றவை வரைபடத்தில் ஏறவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. மழை வந்தபோது பதினேழு இடங்களில் நீர் வேலியைக் குறுக்கே கடந்தது.

வலையில் கண் இருக்கிறதே, நீர் போய்விடாதா என்று கேட்பார்கள். நெருக்கக் கண் வலையில் மூன்றில் ஒரு பங்குப் பரப்பைக் கம்பியே அடைத்திருக்கிறது; மீதியை முதல் அரை மணி நேரத்தில் வைக்கோலும் முட்செடியும் சேர்ந்து அடைத்துவிடும். பிறகு அது வேலியாக இருக்காது, அணையாகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் ஏறத்தாழ அரை டன் விசை தள்ளும். ஒன்றரை மீட்டர் தேங்கினால் அது ஒரு டன்னைத் தாண்டும். காற்றுக்காகக் கணக்கிட்ட தூண் இதற்கு நிற்காது. அமெரிக்காவின் அரிசோனாவில், ஆர்கன் பைப் காக்டஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பாலை நிலத்தில் 2008-இல் எல்லை வேலியில் குப்பை அடைத்து வெள்ளம் தேங்கியது. 2011 ஆகஸ்டில் அதே வேலியில் 40 அடி சாய்ந்து விழுந்தது. நாங்கள் இழந்தது ஆறு பேனல்கள்தான் என்றாலும், அவற்றை மறுபடி நிறுத்துவதற்குப் பாதையையே மறுபடி போட வேண்டியிருந்தது.

இப்போது ஓடை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் மேலே கீல் வைத்துத் தொங்கும் கதவுகளையோ, மழைக்காலத்தில் திறந்து வைக்கும் மதகுக் கதவுகளையோ அமைக்கச் சொல்கிறேன். ஆற்றுப் படுகையே ஆண்டுதோறும் இடம் மாறும் நிலத்தில் வேலியைக் கைவிடுவதுதான் சிக்கனம். அசாமின் துப்ரி மாவட்டத்தில், பிரம்மபுத்திரா வங்கதேசத்துக்குள் நுழையும் 61 கிலோமீட்டர் பகுதியில், 2019 மார்ச்சில் மின்னணுக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். மணல் திட்டுகள் தோன்றி மறையும் அந்த ஆற்றில் தூண் நட நினைப்பது வீண் வேலை.

தளவாடப் பிரிவில் இருந்தவர்

கையில் இருக்கும் பொருளை வைத்து உடனே அடைக்கும் முறைகளையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஹங்கேரி 2015-இல் செர்பிய எல்லையின் 175 கிலோமீட்டரையும் முதலில் சுருள் முள்கம்பியால் அடைத்துவிட்டு, 4 மீட்டர் வேலியை அதன் பின்னால் எழுப்பியது. நாங்களும் ஒரு முறை அப்படியே செய்தோம். தற்காலிகச் சுருள் கிடந்ததால் நிரந்தர வேலிக்காரர்கள் பதற்றமின்றி வேலை செய்தார்கள். ஆனால் அந்தச் சுருளை அகற்றும் செலவை யாரும் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. புல் வளர்ந்து பின்னிய பழைய சுருளை அறுத்து எடுப்பது, புதிதாக விரிப்பதைவிடப் பல மடங்கு கடினம். தோல் கையுறையையும் கிழித்துவிடும்.

ஹெஸ்கோ எனப்படும் கம்பிவலைக் கூடைகள் எனக்குப் பிடித்தவை. மடித்து வரும், விரித்தால் 10 மீட்டர் நீளமும் 1.37 மீட்டர் உயரமும் உள்ள தடுப்பு. அங்கேயே கிடைக்கும் மண்ணை லோடரால் எட்டு முறை அள்ளிக் கொட்டினால் நிரம்பிவிடும். உள்துணி வெயிலில் நைந்துபோகும் என்பதால் சில ஆண்டுகளுக்குத்தான். சோதனைச் சாவடிக்கும் கூடாரத்துக்கும் அது போதும்.

பழைய பொருளை நம்பி ஏமாந்த கதைகளும் உண்டு. சான் டியேகோ எல்லையில் 1990-களின் தொடக்கத்தில், வியட்நாம் போர்க்காலத்தில் தற்காலிக விமான ஓடுதளங்களில் விரித்த எஃகுத் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி வேலியாக்கினார்கள். தகட்டின் முகடுகள் கிடைமட்டமாக அமைந்ததால் அவை ஏணிப் படிகளாகப் பயன்பட்டன. அப்பால் யார் நிற்கிறார் என்றும் காவலர்களுக்குத் தெரியவில்லை. அரிசோனாவில் 2022-இல் கப்பல் பெட்டகங்களை இரண்டடுக்காக அடுக்கினார்கள். தரை ஏறி இறங்கும் இடங்களில் பெட்டகங்களுக்கிடையே இடைவெளி விழுந்தது, சில பெட்டகங்கள் கவிழ்ந்தன, அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டியதாயிற்று.

தளப் பொறியாளர்

பெட்டகங்களின் இடைவெளி பற்றிய குறிப்பைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சரிவில் பேனல்களைப் படிக்கட்டுபோல் இறக்கினால் ஒவ்வொரு படியின் அடியிலும் முக்கோண ஓட்டை விழும். எங்கள் குழுவினர் அதை மண் போட்டு மூடினார்கள். முதல் மழையிலேயே கரைந்தது. பின்னர் கல் அடுக்கினார்கள். அதை யாரோ ஒரே இரவில் பிரித்துவிட்டார்கள். கடைசியில் தூண்களின் பக்கவாட்டுப் பள்ளத்தில் மேலிருந்து நழுவ விடும் சிறிய ப்ரீகாஸ்ட் பலகைகளை வரவழைத்து, அவற்றின் அடிப்பாகத்தை முப்பது சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைத்தோம். இரண்டு பேர் கையால் தூக்கக்கூடிய எடைதான், கிரேன் வேண்டியதில்லை. நில அளவையாளர் சொன்ன தொங்கும் கதவின் கீலுக்குத் துருப்பிடிக்காத எஃகு முளையைப் பயன்படுத்துகிறோம். சாதாரண முளை இரண்டாவது மழைக்காலத்திலேயே இறுகிப்போய்க் கதவு திறக்காமல் நின்றுவிட்டது.