கிராணி வீட்டு கேட்டும் பேக்டரி பஸ்ஸும்: உங்கள் தோட்டத்தில் எப்படி இருந்தது?

நிபோங்காரன்:
எங்கள் ஊர் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிலப்பக்கத்தில் இருக்கும் நிபோங் திபால். பாட்டி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அம்மா மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு 1976-ல் பிறையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்குப் போனார். போன வாரம் அலமாரியை ஒதுக்கும்போது ஒரு பழைய படம் கிடைத்தது. வெளிர்நீல யூனிபார்ம் போட்டுக்கொண்டு அம்மாவும் இன்னொரு பெண்ணும் ஓர் இரும்பு கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். அது பெரிய கிராணி (தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தர்) வீட்டு கேட்டாம், கூட நிற்பது அவர் மகள். "அந்த வீட்டுக்கு அதுவரைக்கும் பின்பக்கமாகத்தான் போயிருக்கேன், அதுவும் பாட்டி துணி துவைக்கப் போனா" என்றார் அம்மா.

லயத்துப் (தொழிலாளர் வீட்டு வரிசை) பாதையில் பஸ் திரும்ப இடமில்லாததால் அந்த கேட்டடியில்தான் வந்து நிற்குமாம். கிராணியம்மா தன் மகளை கேட்டுக்கு உள்ளே நிற்க வைப்பாராம், லயத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் வெளியே. பஸ் வந்த பிறகுதான் கேட் திறக்கும். ஏறியதும் அம்மாவுக்கும் அந்த மகளுக்கும் ஒரே சீட்!

என் கேள்வி இதுதான். தோட்டத்தில் இருந்த அந்த மேல்கீழ், பேக்டரி வந்ததும் நிஜமாகவே கழன்றதா? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கோட்டர்ஸ் பையன்:
தம்பி, நான் கேட்டுக்கு உள்ளே வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலம் படித்தவர், தோட்ட ஆபீஸில் கிராணி. லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடியதற்கு நான் அடி வாங்கியிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அதே அப்பா மேனேஜர் துரை பங்களாவுக்குப் போனால் படிக்கு மேலே ஏற மாட்டார், கீழே நின்றே கணக்குப் புத்தகத்தை நீட்டுவார். நாங்கள் இருந்த வீடும் கம்பெனி வீடுதான், ரிட்டையர் ஆன அடுத்த மாதம் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டோம். லயத்துக்காரர்களுக்காவது பக்கத்தில் சொந்தபந்தம் இருந்தது, எங்களுக்கு அந்த வேலிதான் இருந்தது.

என் அக்காவும் பேக்டரிக்குத்தான் போனார். முதல் சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தபோது அப்பா எண்ணிப் பார்க்கவில்லை, "தண்டல் மகளுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். (தண்டல் என்றால் தொழிலாளர்களை மேற்பார்க்கிறவர், கிராணிக்குக் கீழே.) அதே அளவுதான் என்றதும் கவரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சைக்கிள் ரிப்பேர்:
கோட்டர்ஸ் பையன் ஐயா சொல்வது சரி, ஆனால் வேலி சும்மா நிற்கவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் சம்பளக் கோரிக்கையோடு கூட இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். யோசித்துப் பாருங்கள், சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்து போவதற்கே கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது.

ஷிப்ட் C:
நான் உங்கள் அம்மா செட்டுதான் தம்பி, ஆனால் தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸ். 1969-ல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனதும் ஜோர்ஜ் டவுனில் வேலை இல்லாமல் ஆண்கள் கோப்பிக்கடையே கதி என்று கிடந்தார்கள். 1972-ல் பாயான் லெப்பாஸில் பேக்டரிகள் திறந்தபோது கம்பெனிக்காரர்கள் தேடியதோ எங்களைப் போன்ற இளம் பெண்களை. பாலம் 1985-ல்தான் வந்தது, அதற்கு முன்னால் பட்டர்வொர்த் பக்கத்துப் பிள்ளைகள் பெரிப் படகு பிடித்து வந்து வேலை செய்தார்கள்.

மேல்கீழ் கழன்றதா என்று கேட்கிறீர்கள். எங்களோடு அதே பஸ்ஸில் ஏறி வந்தது என்றுதான் சொல்வேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது எல்லாருக்கும் ஒரே வேலை. ஆறு மாதம் கழித்து லைன் லீடர் போட ஆள் பார்த்தார்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் யார்? கிராணி மகள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் கண் கலங்கும்வரை ஸ்டூலில்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன், ஓவர்டைம் எழுதும்போது எங்களை மறக்காதவள்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. பால் மரம் வெட்டிய எங்கள் அம்மாக்களுக்கு 1954-லிருந்தே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஏசியில் உட்கார்ந்த எங்களுக்குச் சங்கம் கிடையாது, 1988-ல்தான் அந்தந்தக் கம்பெனிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊருக்குள் நாங்கள் 'பேக்டரிக்காரி', பெண் கேட்டு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்புறம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் மெதுவாக விசாரிப்பார்கள்.

உலைக்காரன் மருமகன்:
ஒரு கொசுறு. என் மாமா பிறையில் மலாயாவத்தா இரும்பு ஆலையில் இருந்தார், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்த ஆலை. அங்கே உலைக்குப் போட்டது ரப்பர் மரக் கரி! பால் வற்றிய மரத்தை வெட்டிக் கரியாக்கி இரும்பு உருக்கினார்கள். "எங்கம்மா வெட்டின மரத்தைத்தான் நான் எரிக்கிறேன்" என்று மாமா சிரிப்பார். அந்த ஆலையில் வேலை கிடைத்ததும் முதலில் வாங்கியது மோட்டார் சைக்கிள், அதில் கிராணி வீட்டு முன்னால் வேண்டுமென்றே இரண்டு தடவை ஹார்ன் அடித்துக்கொண்டு போவாராம்.

கோட்டர்ஸ் பையன்:
அந்த ஹார்ன் சத்தம் எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறது ஐயா. அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நிபோங்காரன்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஷிப்ட் C அக்கா சொன்ன லைன் லீடர் விஷயத்துக்கு "எங்க பேக்டரியிலும் அதே கதை" என்றார், அந்தத் தோழியோடு இன்னும் போனில் பேசுகிறார். படத்தில் எப்படி இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அன்றைக்குக் கிராணியம்மா ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம்.