உட்கார்ந்து சாப்பிடுவது கொடுப்பினையா?

விளக்குத்தூண் குமரன்:
மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்று எழுத வந்து ‘நிற்கிறேன்’ என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், அதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை.

கடைக் கட்டடத்துச் சொந்தக்காரர் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது, 34. மாதம் பிறந்தால் வாடகை. அதே வரிசையில் இன்னும் ஆறு கடை அவர்களுடையது. நேற்று வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “உனக்கென்னப்பா, பொழுது போயிருது. எனக்குத்தான் போக மாட்டேங்குது. உன்னயப் பாத்தாப் பொறாமையா இருக்கு” என்றார். கையில் இருந்த சேலையை மடிக்கவே வரவில்லை எனக்கு.

வேலை பார்க்கத் தேவையில்லாமல் பிறப்பது கொடுப்பினையா இல்லையா? கொடுப்பினைதான் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

கொடிக்கால் தாத்தா:
தம்பி, குந்தித் தின்றால் குன்றும் மாளும். எனக்குச் சோழவந்தான் பக்கம். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு இரண்டு போகம் கண்ட வயல்கள் எங்கள் பக்கத்து வயல்கள். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு அதில் பாதி சொந்தம் என்பார்கள். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தைப் பொறுத்த கணக்கு) வரைதான் என்றது, 1970-ல் 15 ஆக்கியது. அதற்கப்புறமும் ஒரு குடும்பம் தாராளமாகச் சாப்பிட நிலம் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் வரப்பில் நடக்கத் தெரியாது, அதுதான் கேடு. குத்தகைக்காரர் சொன்னதே கணக்கு. திண்ணையில் நாள் முழுக்கச் சீட்டு.

கடைசியில் வீட்டை விற்பதற்கு முன்னாலேயே தூணை விற்றார்கள். நான்கு தேக்குத் தூண். அந்த இடத்தில் செங்கல் கட்டி முட்டுக்கொடுத்துவிட்டு, தூணை லாரியில் ஏற்றினார்கள். நான் நேரில் பார்த்தேன். மூத்தவர் அன்றைக்கும் இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு வாசலில் நின்று, “பாத்து ஏத்துங்கப்பா, கீறல் விழுந்துரப் போகுது” என்றார்.

விளக்குத்தூண் குமரன்:
ஐயா, அவர்களுக்கு விற்கத் தூணாவது இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் தோடு. அந்தக் குன்று கரைய மூன்று தலைமுறை ஆனது. எங்களுடையது அப்பாவின் ஒரே ஆபரேஷனில் கரைந்தது.

உட்கார்வதைப் பற்றிப் பேசுகிறோம், அதனால் இதையும் சொல்கிறேன். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

வெட்டி ஆபீசர்:
குமரன் சொல்லும் ஆள் நான் இல்லை, ஆனால் அதே ரகம். தெற்குமாசி வீதியில் தாத்தா வாங்கிப்போட்ட இடம். எனக்கு 41 வயது.

மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். நான் எதையும் விற்றதில்லை, வாங்கியதும் இல்லை. பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று கேட்டால் “வாடகை வருது” என்பார் அப்பா. நான் என்ன பண்ணுகிறேன் என்ற கேள்விக்கு என்ன வருகிறது என்று பதில்.

படித்து முடித்து மூன்று வேலைக்குப் போனேன். ஒன்றிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. மேனேஜர் திட்டினார், மறுநாள் போகவில்லை. போயாக வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் ஒரு தொழிலாவது கையில் ஏறியிருக்கும்.

விளக்குத்தூண் குமரன்:
“மேனேஜர் திட்டினார், மறுநாள் போகவில்லை.” அண்ணே, இதைத்தான் நான் கொடுப்பினை என்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணக் கோஷ்டி முன்னால் வைத்து என்னைத் திட்டினார்கள். மறுநாள் ஒன்பதரைக்குப் போனேன்.

பைபாஸ் வாசுகி:
கொடுப்பினை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லையே. நானும் சொத்துள்ள வீட்டில்தான் பிறந்தேன். பெண்பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. எனக்கு 1987-ல் ஆகிவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் எங்களையும் சேர்த்தது. அதற்குள் அண்ணன்மார் பாகப்பிரிவினைப் பத்திரத்தை 1996-லேயே பதிந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிந்த பாகத்தை அந்தச் சட்டம் தொடாது. நான் 28 வருஷம் ஆசிரியை வேலை பார்த்தேன். அண்ணன்மார் பொழுது போகவில்லை என்றார்கள்.

அதற்காக வேலை என்னைப் புடம்போட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். பாதி நாள் அலுப்புதான்.

கொடிக்கால் தாத்தா:
இருக்கட்டும் தாயி. ஆனால் பணம் இருந்தும் உழைத்தவர்கள் இல்லையா? 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள்தான் சௌந்தரம். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். டெல்லியில் டாக்டருக்குப் படித்து, 1947-ல் இரண்டாவது கணவர் ராமச்சந்திரனோடு சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அந்தம்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாமே?

பைபாஸ் வாசுகி:
சாப்பிட்டிருக்கலாம், சாப்பிடவில்லை, அது அவர் பெருமை. ஆனால் ஐயா, அதே வயதில் தாலி இழந்த ஏழை வீட்டுப் பெண்ணை டெல்லிக்குப் படிக்க அனுப்ப யாருக்கு முடிந்திருக்கும்? நீங்கள் என் பக்கம்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

டவுன்ஹால் கணக்கர்:
ஒரு தகவல் மட்டும். வாடகை வருமானத்தில் வீட்டுவரி போக 30 சதவீதம் கழித்துவிட்டுத்தான் வருமான வரி. பராமரிப்புக்கு என்று பெயர், சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு அடிக்காவிட்டாலும் கழிவு உண்டு. செத்தவர் சொத்துக்கு 1953-ல் கொண்டுவந்த எஸ்டேட் வரியும் 1985-லேயே போய்விட்டது. கொடுப்பினையோ இல்லையோ, அரசாங்கம் தடுக்கவில்லை.

வெட்டி ஆபீசர்:
சரி, வசதியாகப் பிறந்தது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் யோசித்தேன், எவ்வளவு ஆகும் என்று யோசிக்கவில்லை. குமரனின் அம்மா தோட்டைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் காலை பத்து மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, எதற்குப் போட்டோம் என்று நிற்பேன் பாருங்கள், அதுவும் நிஜம்தான்.

விளக்குத்தூண் குமரன்:
அதற்கு வழி இருக்கிறது அண்ணே. தீபாவளிக்கு முந்தின மாதம் எங்கள் கடையில் கூடுதல் ஆள் எடுப்பார்கள். அனுபவம் தேவையில்லை. சேலையை விரிக்கத் தெரிந்தால் போதும், மடிக்க நான் சொல்லித்தருகிறேன்.

வெட்டி ஆபீசர்:
கேலி பண்ணவில்லையே? வந்தாலும் வருவேன். அந்த ஸ்டூலில் உட்காரலாமா?

விளக்குத்தூண் குமரன்:
நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் பெட்டியை இறக்கிவிடுவார்கள். சொல்லாமல் வாருங்கள்.