சுட்டி கணக்குல திரும்ப திரும்ப ஒரே இடத்துல மாட்டுறேன், கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன் (எஸ்ஏடி)

கொட்டகலை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஏஎல் கொமர்ஸ் எழுதிட்டு சும்மா இருக்கேன், வெளிநாட்டு கெம்பஸ் ஒண்ணுக்கு ஸ்கொலர்ஷிப்புக்கு போடலாம்னு எஸ்ஏடிக்கு (அமெரிக்க கெம்பஸ்களுக்கு எழுதுற நுழைவுப் பரீட்சை) படிக்கிறேன். இங்லிஷ் பகுதி எப்படியோ சமாளிச்சிருவேன், கணக்குல சுட்டியும் (அடுக்கு) சார்பும் (ஃபங்ஷன்) சேந்து வந்தா மண்டை நின்னுருது. பத்தாம் வகுப்புல பாதி வருஷம் எங்களுக்கு கணக்குக்கு ஆளே இல்ல, வேற பாட சேர் ஒருத்தர் வந்து சுட்டி விதி எல்லாத்தையும் போர்ட்ல எழுதிட்டு கொப்பி பண்ணுங்கன்னு சொல்லிட்டு போயிருவாரு, அதனால விதி எல்லாம் பாடம், எங்க போடணும்னுதான் தெரியாது. (போன்ல கீபோர்ட் மாத்தி மாத்தி அடிக்க முடியல, அதனால எக்ஸ், எஃப்னே எழுதுறேன், சுட்டிக்கு ^ போடுறேன்.)

1) 9^(எக்ஸ்+1) − 9^எக்ஸ் = 216, எக்ஸ் என்ன? நான் சுட்டிய கழிச்சேன், 9^1 வந்துச்சு, 9 = 216 ஆ??
2) எஃப்(எக்ஸ்) = 2^எக்ஸ். எஃப்(ஏ+3) − எஃப்(ஏ+1) = கே × எஃப்(ஏ) ன்னா கே என்ன? நான் எஃப்(2), அதாவது 4னு போட்டேன். பிழையாம்.
3) ஒரு ஊர் சனத்தொகை 500 × (1.2)^(டீ/5), டீ வருஷத்துல. வருஷத்துக்கு எத்தன வீதம் கூடுது? 20ஐ 5ஆல பிரிச்சு 4ன்னேன். அதுவும் பிழை.
4) எக்ஸ்^(2/3) = 16. எனக்கு 64 வந்துச்சு, விடைல 64, −64 ரெண்டும் இருக்கு. எப்படி?

விடை மட்டும் சொல்லாம ஏன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஹட்டன்2கொழும்பு:
தம்பி இதுக்கெல்லாம் ஏன் கஷ்டப்படுறீங்க, 2023ல இருந்து நம்ம பக்கத்து எஸ்ஏடி எல்லாம் கம்பியூட்டர்லதான், டெஸ்மொஸ் கிராஃப் கல்குலேட்டர் அதுக்குள்ளயே இருக்கு, கணக்கு பகுதி முழுக்க பாவிக்கலாம். முதலாவதுக்கு இடப்பக்கத்த ஒரு கோடா வரைங்க, 216ஐ இன்னொரு கோடா வரைங்க, வெட்டுற இடத்த தொட்டா 1.5னு காட்டும், முடிஞ்சிச்சு. ரெண்டாவதுக்கு ஏக்கு 0 போடுங்க, 8 − 2 = 6, எஃப்(0) = 1, ஆக கே 6. நான் எழுதுறப்ப பாதி கேள்வி இப்படித்தான் போட்டேன். 35 நிமிஷத்துக்கு 22 கேள்வி, அப்படி ரெண்டு தடவ, விதி யோசிச்சிட்டு இருக்க நேரமில்ல. பிழையா போட்டா புள்ளி குறைக்க மாட்டாங்க, ஒண்ணையும் வெறுமையா விட்டுறாதீங்க.

பண்டாரவளை_கணக்குடீச்சர்:
கிராஃப் போடுறத நான் வேணாம்னு சொல்லல, ஆனா இந்த மகன் கேட்டது ஏன்னு. முதல் ரெண்டு கேள்வியிலயும் அவர் விட்டது ஒரே பிழைதான், அத கவனிச்சீங்களா?

மகன், நீங்க பாடமாக்குன சுட்டி விதிகள ஒருக்கா எடுத்து பாருங்க. அடி (கீழ இருக்குற எண்) ஒரே எண்ணா இருந்து பெருக்குனா சுட்டிய கூட்டு, பிரிச்சா சுட்டிய கழி, சுட்டிக்கு மேல சுட்டி வந்தா பெருக்கு. எல்லாமே பெருக்கலும் பிரித்தலும். ரெண்டு உறுப்புக்கு நடுவுல சகவோ (+) சயவோ (−) நின்னா அதுக்குன்னு ஒரு சுட்டி விதியும் கிடையாது, இருபத்தஞ்சு பிள்ளைகள் இருக்குற வகுப்புல பதினஞ்சு பேராவது இங்கதான் விழுவாங்க, நீங்க தனியாள் இல்ல. 9^(எக்ஸ்+1)ஐ 9^எக்ஸால பிரிச்சாதான் 9 வரும். நீங்க கழிக்க சொன்ன இடத்துல பிரிச்சிட்டீங்க.

அப்ப என்ன செய்றது, பொதுக்காரணி எடுக்குறதுதான். 9^(எக்ஸ்+1) னா 9 × 9^எக்ஸ். ஒம்பது 9^எக்ஸ்ல ஒரு 9^எக்ஸ் போனா எட்டு 9^எக்ஸ். ஒம்பது மூட தேயிலைக் கொழுந்துல ஒரு மூட எடுத்தா எட்டு மூட, அவ்வளவுதான், மூடைக்குள்ள எத்தன கிலோன்னு இப்ப தெரிய தேவல்ல. 8 × 9^எக்ஸ் = 216, ஆக 9^எக்ஸ் = 27. இனி ரெண்டையும் 3 அடிக்கு கொண்டு வாங்க, 3^(2எக்ஸ்) = 3^3, எக்ஸ் = 3/2.

ரெண்டாவதுல உங்க மனசு என்ன செஞ்சிச்சுன்னு எனக்கு தெரியும். தேயிலை ஃபெக்டரிய நினைச்சு பாருங்க. நூறு கிலோ பச்சக் கொழுந்து உள்ள போனா சுமார் 21, 22 கிலோ தூள் வெளிய வரும், இருநூறு போனா அதுல ரெண்டு மடங்கு. அங்க ஏ+3 கிலோவுக்கு வர்ற தூள்ல இருந்து ஏ+1 கிலோவுக்கு வர்றத கழிச்சா சரியா 2 கிலோவோட தூள்தான் மிஞ்சும், நீங்க போட்ட எஃப்(2) அங்க சரி. ஆனா எல்லா சார்பும் ஃபெக்டரி மாதிரி இல்ல. 2^எக்ஸ்ல உள்ள ஒண்ணு கூட்டுனா வெளிய ரெண்டு மடங்காகுது. எஃப்(ஏ+3) னா 8 × 2^ஏ, எஃப்(ஏ+1) னா 2 × 2^ஏ, கழிச்சா 6 × 2^ஏ.

0 போட்டு பாக்குற குறுக்கு வழியும் நல்லதுதான், ஒரு எச்சரிக்கை மட்டும். "பின்வருவனவற்றுள் இதற்குச் சமமானது எது" மாதிரி கேள்வியில 0, 1, 2 போடாதீங்க. 2 போட்டா 2 + 2, 2 × 2, 2^2 மூணும் 4, நாலு விடையில ரெண்டு மூணு சரி மாதிரி தெரியும். 3 இல்லாட்டி 5 போடுங்க. இன்னொண்ணு, −3^2 அடிச்சா கல்குலேட்டர் −9தான் தரும், அது பிழையில்ல, நீங்க அடைப்பு போடலன்னு அர்த்தம்.

பரீட்சையில திரையிலயே ஒரு சூத்திரத் தாள் இருக்கும், பரப்பளவு, கனவளவு சூத்திரம் எல்லாம் இருக்கும், சுட்டி விதி ஒண்ணும் அதுல இருக்காது.

ஹட்டன்2கொழும்பு:
டீச்சர் அந்த கொழுந்து மூட சூப்பர், எனக்கு இப்பதான் விளங்குது 😅 நான் ஓஎல்ல மடக்கை அட்டவணைய வச்சி குத்துமதிப்பா தப்பிச்ச ஆளு.

மஸ்கெலியா_அக்கா:
டீச்சர் விட்ட 3ம் 4ம் நான் சொல்றேன், பேராதனையில இஞ்சினியரிங் செய்றேன், ஃபைனல் இயர். லேட் ஆனதுக்கு மன்னிக்கணும், ரெண்டு நாளா காத்து மழை, டவர் வேலை செய்யல.

மூணாவது. 1.2 அப்டிங்கறது ஒரு தடவைக்கு 20 வீதம் கூடுதுன்னு. அந்த "ஒரு தடவ" எத்தன வருஷம்னு சுட்டி சொல்லும், டீ/5 ஒண்ணு ஆகணும்னா டீ 5 ஆகணும், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா 20 வீதம். இத அஞ்சா பிரிச்சு 4ன்னு சொல்ல முடியாது தம்பி, ஏன்னா ரெண்டாவது வருஷம் கூடுறது மொத வருஷம் கூடுனதுக்கும் சேத்துத்தான், பேங்க்ல வட்டிக்கு வட்டி மாதிரி. 4 வீதம்னு வச்சி 1.04ஐ அஞ்சு தரம் பெருக்கி பாருங்க, 1.2167 கிட்ட வரும், கூடிப்போச்சு. வேண்டியது அஞ்சு தரம் பெருக்குனா 1.2 வர்ற எண், அதாவது 1.2^(1/5), சுமார் 1.0371. ஆக 3.7 வீதம். இத பெரும்பாலும் மாத்தித்தான் கேப்பாங்க, மாசத்துல சொல்லுன்னு. எம் மாசம்னா டீ = எம்/12, சுட்டி எம்/60 ஆயிரும், 1.2 அப்படியே நிக்கும். அடிய தொடாதீங்க, சுட்டியில மட்டும் மாத்துங்க.

நாலாவது. 2/3ல கீழ இருக்குற 3 கனமூலம், மேல இருக்குற 2 வர்க்கம். எதையோ வர்க்கிச்சு 16 வந்திருக்கு, அது 4ஆவும் இருக்கலாம், −4ஆவும் இருக்கலாம். கனமூலம் 4னா எக்ஸ் 64, கனமூலம் −4னா எக்ஸ் −64. மறை எண்ணுக்கு கனமூலம் இருக்கு, வர்க்கமூலம்தான் இல்ல. அதனால எக்ஸ்^(3/2) = 8 ன்னு வந்தா 4 மட்டும்தான், அங்க கீழ 2 இருக்குல்ல. விடைய நாமளே அடிக்கிற மாதிரி கேள்வியில ரெண்டு விடை வந்தா ஏதாவது ஒண்ண போட்டா போதும், ரெண்டையும் போட தேவல்ல.

இதோட சேந்தது இன்னொண்ணு, கட்டாயம் பாருங்க. 4^எக்ஸ் − 2^எக்ஸ் − 12 = 0. 4^எக்ஸ் னா 2^எக்ஸோட வர்க்கம், 2^எக்ஸ யூன்னு பிரதியிட்டா யூ^2 − யூ − 12 = 0, சாதாரண இருபடிச் சமன்பாடு. யூ = 4 இல்லாட்டி −3. இங்க நிறைய பேர் ரெண்டையும் வச்சிக்கிட்டு முழிப்பாங்க. 2^எக்ஸ்ட வீச்சு என்ன, எப்பவும் பூச்சியத்துக்கு மேலதான், கீழ இறங்கவே இறங்காது. −3 வெளிய, 4 உள்ள, எக்ஸ் = 2. அந்த அண்ணன் சொன்ன மாதிரி வரைஞ்சாலும் கோடு அச்ச ஒரே ஒரு இடத்துலதான் வெட்டும், ஏன் ஒண்ணுன்னு கோடு சொல்லாது.

தம்பி இன்னொரு விஷயம், எஸ்ஏடி எழுதுற புளூபுக் ஏப் போன்ல வராது, லெப்டொப் இல்லாட்டி ஐபேட் வேணும். டெஸ்மொஸ் மட்டும்னா போன்லயே பழகலாம்.

கொட்டகலை_பையன்:
டீச்சர், அக்கா, அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு தடவ வாசிச்சேன், அம்மா மலைக்கு போயிட்டு வந்து கொழுந்து எத்தன கிலோன்னு சொல்றப்ப இப்ப வேற மாதிரி கேக்குது 😂 லெப்டொப் மாமா வீட்ல இருக்கு, சனி ஞாயிறுல கேட்டு வாங்குறேன். டீச்சர் ஒரு கணக்கு குடுங்களேன், செஞ்சு காட்டுறேன்.

பண்டாரவளை_கணக்குடீச்சர்:
3^(எக்ஸ்+2) + 3^எக்ஸ் = 270 எனின், 3^(எக்ஸ்−1) இன் பெறுமானம் என்ன? கிராஃப் போடாம.

கொட்டகலை_பையன்:
9 மூட + 1 மூட = 10 மூட. 10 × 3^எக்ஸ் = 270. 3^எக்ஸ் = 27. எக்ஸ் = 3!!! விடை 3 🔥

மஸ்கெலியா_அக்கா:
வழி சரி தம்பி. கேள்விய இன்னொருக்கா வாசிங்க, எக்ஸையா கேட்டாங்க?

கொட்டகலை_பையன்:
அய்யோ. 3^2. ஒம்பது.

பண்டாரவளை_கணக்குடீச்சர்:
ஒம்பது சரி. நாலு விடையில 3ம் ஒண்ணா இருக்கும் மகன், அத வேணும்னேதான் வைப்பாங்க. 27 வந்த உடனேயே 3ஆல பிரிச்சிருந்தா எக்ஸ தேடவே தேவல்ல. நாளைக்கு வர்க்கமூலத்தோட ஒண்ணு போடுறேன், கணக்கு கொப்பிய எடுத்து வைங்க.