ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த ஆடம்ஸ் ஃபேமிலி பின்பால்: பளபளப்பை நம்பி வாங்கலாமா?

வெள்ளிப்பந்து:
அமெரிக்க டீலர் ஒருத்தர்கிட்ட 1992-ல பாலி கம்பெனி பண்ணின ஆடம்ஸ் ஃபேமிலி பின்பால் மெஷின் இருக்கு. அந்தக் காலத்துல ஜெர்மனிக்குப் போனது, இப்ப கன்டெய்னர்ல திரும்பி வந்திருக்கு. இந்த வயசுக்கு ஆச்சரியப்படுற அளவு சுத்தம். ஆடிட்ல, அதாவது மெஷினே வச்சிருக்கிற ஆட்டக் கணக்குல, 2,000 ஆட்டம்கூடக் காட்டல. எதைப் பார்த்து முடிவு பண்றது?

சால்டர்ராசா:
ஆடிட்டை விட்டுடுங்க. அந்தக் கணக்கு பேட்டரி தயவுல நிக்கிற ரேம்ல இருக்கு; பேட்டரி தீர்ந்தாலே பூஜ்யத்துக்குப் போயிடும்.

கண்ணாடியைக் கழட்டச் சொல்லி, ஆடுகளத்துல பந்து விழுற மின்சார நாற்காலிக் குழி, ஸ்வாம்ப் குழி ரெண்டோட விளிம்பையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பந்து அடிச்சு அடிச்சு பெயின்ட் போய் மரம் தெரியுற இடம் அதுதான். ஆடுகளத்தோட கீழ்முனையை மூடியிருக்கிற ஏப்ரன் தகட்டைத் தூக்கினா வெயில் படாத பழைய நிறம் தெரியும், மீதியோட ஒப்பிடுங்க. விளக்குக்கு மேல பதிச்சிருக்கிற பிளாஸ்டிக் துண்டு (இன்சர்ட்) ஓரத்துல நகத்தை ஓட்டுங்க. தேய்மானத்தை மறைக்க மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா தட்டுப்படும்.

அடுத்தது பேக்பாக்ஸ், அதாவது பின்னால நிக்கிற மேல்பெட்டி. அதுக்குள்ள மெஷினோட மூளையான சிபியு போர்டுல 3 டபுள்-ஏ பேட்டரி. பக்கத்துல பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா பேட்டரிக் கசிவு, சுவிட்சுகளைப் படிக்கிற மேட்ரிக்ஸ் சிப் வரைக்கும் போயிருக்கலாம். அப்படின்னா புது போர்டு விலையைக் கழிச்சுத்தான் பேசணும். நல்லா இருந்தா வாங்கினதும் பேட்டரி இல்லாமலே கணக்கை ஞாபகம் வச்சுக்கிற என்வி-ரேம் போட்டு பேட்டரியையே எடுத்துடுங்க.

வெள்ளிப்பந்து:
நன்றிங்க. 115 வோல்ட்டுக்கு ப்ளக் மாத்தியாச்சுன்னு டீலர் சொல்றார். அது போதுமா?

மின்மாற்றி:
போதவே போதாது. எந்த வோல்ட்டேஜுக்குன்னு தீர்மானிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஜம்பர் ப்ளக்கையும் மேனுவல் அட்டவணைப்படி மாத்தணும். 230 வயரிங்லயே விட்டா பாதி வோல்ட்டேஜ்தான் வரும், பூட் ஆகாது. கடையில ஓடுதுன்னா பின்னால வோல்ட்டேஜை ஏத்துற ஸ்டெப்-அப் பெட்டி ஒளிஞ்சிருக்கான்னு வயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க.

பவர் பாக்ஸ்ல லைன் ஃபியூஸ் 8 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ ஆகணும், சர்ஜைத் தடுக்கிற வேரிஸ்டர் 130 வோல்ட் ரகம். ஐரோப்பிய 275 வோல்ட் வேரிஸ்டரை விட்டு வச்சாலும் மெஷின் ஓடும், ஆனா சர்ஜ் வந்தா காப்பாத்தாது. இதை நிறைய பேர் மாத்துறதே இல்ல.

சால்டர்ராசா:
கடைசியா ஒண்ணு. ஆட்டம் நடக்கும்போது பந்தை அடிக்கிற ரெண்டு ஃப்ளிப்பரையும் சேர்த்து வேகமா அடிங்க. ரீசெட் ஆச்சுன்னா 5 வோல்ட் லைன் தடுமாறுது: டிரைவர் போர்டுல பிஆர்2 ரெக்டிஃபையர், 15,000 மைக்ரோஃபாரட் சி5 கெபாசிட்டர், இல்லன்னா கனெக்டர். அதே போர்டுல ஆடுகளத்துக்கு எப்பவும் வெளிச்சம் தர்ற ஜிஐ விளக்கு கனெக்டர் கருகியிருந்தா பின், ஹவுசிங் ரெண்டையும் மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா திரும்பக் கருகும்.